பார்த்தவர் சொன்ன நாடகம்

லண்டன், ஸ்லோன் சதுக்கம், ராயல் கோர்ட் அரங்கம். 1956 மே 8ஆம் தேதி மாலை திரை விலகுகிறது. கூரைக்கு அடியில் ஒடுங்கிய ஓர் அறை. இரண்டு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் முகம் புதைத்துக் கிடக்கிறார்கள். ஒரு பெண் நின்றபடி துணி தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தேய்ப்பு மேசையைக் கண்டதும் பார்வையாளர்கள் மூச்சடைத்துப் போனார்கள் என்பது பிரிட்டிஷ் நாடக வரலாற்றில் அதிகம் சொல்லப்பட்ட கதைகளில் ஒன்று. நாடகம் ஜான் ஆஸ்பார்னின் ‘லுக் பேக் இன் ஆங்கர்’. அந்த ஒரே இரவில் சீமான்களின் வரவேற்பறை நாடகம் செத்தது, சாமானியர் நாடகம் பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் எழுதிவந்தன.

ராயல் கோர்ட்டில் அன்று நானூற்றுச் சொச்சம் இருக்கைகள்தான். பிற்காலத்தில் ‘நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் இடம் கொடுத்திருந்தால் கூரைமேலும் நாற்காலி போட்டிருக்க வேண்டும். தேய்ப்பு மேசை அப்படியொன்றும் அதிசயமும் இல்லை. வேலையில்லாத் தொழிலாளர் குடும்பத்தின் சமையலறையை ‘லவ் ஆன் த டோல்’ நாடகம் 1930களிலேயே மேடைக்குக் கொண்டுவந்து, ஊர் ஊராகக் கூட்டமும் சேர்த்திருந்தது. அப்படியிருக்க, மூச்சடைத்தது யாருக்கு? அடைத்ததா, அல்லது அடைத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் தோன்றியதா?

இந்தக் கேள்விதான் இன்றைய உரைக்குப் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நாடகத்தை ஆராய்பவர்கள் மனிதர்களின் ஞாபகத்தை எப்படிக் கையாளுகிறார்கள்? பிரிட்டனில் அதற்கு விரிவான முயற்சி ஒன்று நடந்திருக்கிறது.

முதலில் அந்த 1956 விவகாரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். நாடகம் வந்த வாரம் ‘அப்சர்வர்’ இதழில் விமர்சகர் கென்னத் டைனன் அதைத் தலைமேல் தூக்கிவைத்து எழுதினார். இது சிறுபான்மையினர் ரசிக்கும் நாடகமாகவே இருக்கக்கூடும், ஆனால் அந்தச் சிறுபான்மை சுமார் 67 லட்சத்து 33 ஆயிரம் பேர் என்று மதிப்புப் போட்டார். நாட்டில் 20 முதல் 30 வயது வரை இருந்தவர்களின் தொகை அது. ஆனால் அந்த லட்சங்கள் உடனே டிக்கெட் வாங்க ஓடிவந்துவிடவில்லை. வசூல் மந்தமாகவே இருந்தது. அக்டோபர் 16ஆம் தேதி பிபிசி தொலைக்காட்சி நாடகத்தின் ஒரு பகுதியை ஒளிபரப்பியது. அதன் பிறகுதான் இளைஞர் கூட்டம் வரத் தொடங்கியது. 1959இல் ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த திரைப்படமும் வந்தது. மேடையில் நாயகனின் மனைவி அலிசனாக நடித்த மேரி யூரேதான் படத்திலும் அலிசன்.

ஆக, பெரியவர் ஒருவர் அந்த நாடகத்தை நினைவுகூர்கிறார் என்றால், அவர் நினைவில் இருப்பது எது? மேடையா, வீட்டுக்கூடத்துத் தொலைக்காட்சியா, தியேட்டரில் பார்த்த படமா? மேரி யூரேயின் முகம் மேடையையும் படத்தையும் இணைத்துத் தைத்துவிடும். மேடையில் நாயகனாக நடித்தவர் கென்னத் ஹெய்க். அவர் இருந்த இடத்தில் பர்ட்டன் வந்து நின்றுகொண்டால் வியப்பதற்கில்லை. 1999இல் டான் ரெபெல்லாட்டோ என்ற ஆய்வாளர் ‘1956 அண்ட் ஆல் தட்’ என்ற நூலில் இந்தப் புரட்சிக் கதையின் அடித்தளத்தையே ஆட்டிப் பார்த்தார். அதற்கு அவருக்குப் பெரிதும் கைகொடுத்தவை காகித ஆவணங்கள். அடுத்த சில ஆண்டுகளில் வேறு சிலர் ஒலிப்பதிவுக் கருவியோடு கிளம்பினார்கள்.

பிரிட்டிஷ் நூலகமும் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து நாடக ஆவணத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 1945 முதல் 1968 வரை நாடகம் பார்த்தவர்களையும் நாடகத்தில் வேலை செய்தவர்களையும் தேடிப்பிடித்து, பேசவைத்துப் பதிவு செய்வது வேலை. 1945 போர் முடிந்த ஆண்டு. 1968 நாடகத் தணிக்கை ஒழிந்த ஆண்டு. முந்தைய நாடக வரலாறுகள் ஆசிரியர், இயக்குநர், நட்சத்திரம், விமர்சகர் என்ற நால்வரோடு நின்றுவிடும். இவர்கள் ஒப்பனை அறைக்கும் டிக்கெட் கவுண்டருக்கும் மேல்தட்டு காலரிக்கும் போனார்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், யாரோடு போனீர்கள், எப்படி வீடு திரும்பினீர்கள் என்பவையே இத்தகைய நேர்காணலுக்குத் தோதான கேள்விகள். ‘அந்த நாடகத்தின் முக்கியத்துவம் என்ன’ என்று கேட்டால் எதிரே இருப்பவர் பத்திரிகையில் படித்ததை ஒப்பிப்பார். ‘கடைசி ரயிலைப் பிடித்தீர்களா’ என்று கேட்டால் அந்த இரவே எழுந்து வரும்.

அப்படி எழுந்து வந்த உலகம் ருசிகரமானது. மேல்தட்டு காலரிக்கு முன்பதிவு கிடையாது. பக்கத்துச் சந்தில் தனி வாசல், ஏறி மாளாத படிகள், சாய்மானமில்லாத பெஞ்சுகள். காலையிலேயே போய்ச் சில்லறை கொடுத்து ஒரு மடக்கு முக்காலியை வாடகைக்கு எடுத்து வரிசையில் போட்டுவிட்டால் அது உங்கள் இடம். வேலைக்குப் போய்விட்டு, காட்சி நேரத்துக்கு முன்பு வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். வரிசையில் காத்திருப்பவர்களுக்கு முன்னால் தெருப்பாடகர்கள் பாடித் தொப்பியை நீட்டுவார்கள். மேட்டினி இடைவேளையில் இருக்கை வரிசைகளுக்கிடையே தேநீர்த் தட்டுகள் கைமாறிக் கைமாறிப் போகும். அடுத்த அங்கம் தொடங்கிய பிறகும் கோப்பைகள் கிணுகிணுக்கும், மேடையில் உருக்கமான காட்சியில் நிற்கும் நடிகர் பல்லைக் கடித்துக்கொள்வார். தேசிய கீதத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். அரங்குக்குள்ளேயே புகைபிடிப்பார்கள். விமர்சனக் கட்டுரைகளில் இவற்றுக்கு இடமில்லை, ஏனென்றால் விமர்சகருக்கு இவை தினசரி வழக்கம். எல்லாருக்கும் தெரிந்ததை எவரும் எழுதிவைப்பதில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. அந்தக் காலத்து ரசிகர் ஒரே மாதத்தில் ‘சாலட் டேஸ்’ இசை நாடகத்தையும் பார்ப்பார், ராயல் கோர்ட்டுக்கும் போவார். 1954இல் வெஸ்ட் எண்டுக்கு வந்த ‘சாலட் டேஸ்’ 1960 வரை இரண்டாயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடியது. அதை ஆய்வாளர்கள் நெடுங்காலம் தீண்டவே இல்லை. 1953இல் டெரன்ஸ் ராட்டிகன் தன் நாடகத் தொகுப்பின் முன்னுரையில் ‘எட்னா அத்தை’ என்றொரு கற்பனைப் பார்வையாளரைப் படைத்தார்: மணமாகாத, நடுவயது, நடுத்தர வர்க்கப் பெண்மணி, கையில் நேரமும் கொஞ்சம் காசும் உண்டு. ஆஸ்பார்ன் தலைமுறைப் புதிய அலைக்காரர்கள் அந்த அத்தையை வைத்து ராட்டிகனைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நேர்காணல்களில் நிஜ அத்தைகள் வாயைத் திறந்ததும் அந்தக் கேலிச்சித்திரம் நிற்கவில்லை. அவர்கள் பெக்கெட்டின் நாடகங்களையும் பார்த்திருந்தார்கள். பிடிக்காததை ஏன் பிடிக்கவில்லை என்று விமர்சகரைவிடத் தெளிவாகவே சொன்னவர்களும் உண்டு.

வாய்மொழிச் சான்று இல்லாமல் எழுதவே முடியாத பகுதி ஒன்று உண்டென்றால் அது ‘வீக்லி ரெப்’ எனப்பட்ட வாராந்தர நாடகக் குழுக்களின் வாழ்க்கை. சிறு நகரங்களில் வாரம் ஒரு புது நாடகம். இந்த வார நாடகத்தை இரவில் நடித்துக்கொண்டே அடுத்த வார நாடகத்துக்குப் பகலில் ஒத்திகை, நள்ளிரவில் வசனம் மனப்பாடம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் தட்டிகளைப் பிரிக்க வேண்டும். திங்கள் பகலில் உடை ஒத்திகை, இரவில் முதல் காட்சி. உதவி மேடை நிர்வாகி என்ற பட்டத்தோடு சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண் நாற்காலி இரவல் கேட்டு ஊரைச் சுற்றுவாள், பிராம்ப்ட் சொல்வாள், மூன்றாம் அங்கத்தில் வேலைக்காரியாகவும் வருவாள். நவீனகால நாடகமென்றால் நடிகர் தன் சொந்த உடுப்பைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மாலை உடை இல்லாத நடிகைக்கு வேலை கிடைப்பது கஷ்டம்.

அரிதாரத்துக்கு லைஷ்னர் கம்பெனியின் மெழுகுக் குச்சிகள். 5ஆம் எண் வெளிர் நிறம், 9ஆம் எண் செங்கல் சிவப்பு. இரண்டையும் உள்ளங்கையில் குழைத்து முகத்தில் இழுத்தால் மேடை விளக்குக்கு ஏற்ற சதைநிறம் வரும். ‘ஐந்தும் ஒன்பதும்’ என்று சொன்னால் அந்தத் தலைமுறை நடிகர் எவருக்கும் அந்த மெழுகின் வாடை மூக்கில் ஏறும். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுலாக் குழுக்கள் ரயிலேறும். க்ரூ சந்திப்பில் ரயில் மாறும்போது வடக்கே போகும் குழுவும் தெற்கே போகும் குழுவும் நடைமேடையில் எதிர்ப்படும். எந்த ஊரில் எந்த வீட்டுக்காரியம்மா நல்ல சோறு போடுகிறாள், எவள் குளிக்க வெந்நீருக்குத் தனிக் காசு கேட்கிறாள் என்ற தகவல்கள் அங்கேதான் கைமாறின.

புதிய நாடகத்தைப் பெற்றெடுத்ததும் இந்தப் பழைய தொழிற்கூடம்தான். ஆஸ்பார்ன் இப்படிப்பட்ட குழு நடிகர். 1955இல் மோர்கம் கடற்கரை ஊரில் ‘சீகல்ஸ் ஓவர் சொரெண்டோ’வில் நடித்துக்கொண்டிருந்தபோது, அலைதுறையில் சாய்வு நாற்காலி போட்டு ‘லுக் பேக் இன் ஆங்கர்’ எழுதியதாகச் சொன்னார். பின்னாளில் நாடகாசிரியராகப் புகழ்பெற்ற ஹரால்ட் பின்டர் ‘டேவிட் பேரன்’ என்ற பெயரில் பல ஊர்களில் துப்பறியும் நாடகங்களில் நடித்தவர். யாரை அழித்துவிட்டு வந்ததாகப் புகழப்பட்டார்களோ அவர்களிடம்தான் இருவரும் தொழில் கற்றிருக்கிறார்கள்.

ஞாபகம் பிசகும் என்பது உண்மை. அந்தப் பிசகை என்ன செய்வது என்பதில்தான் வாய்மொழி வரலாற்றின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இதில் நாடக ஆய்வாளர்களுக்கும் குரு என்று சொல்லத்தக்கவர் இத்தாலியர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி. தெர்னி என்ற உருக்காலை நகரத்தில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீஸால் கொல்லப்பட்டார். அது 1949 மார்ச் 17. நேட்டோவில் இத்தாலி சேர்வதை எதிர்த்து ஆலையிலிருந்து வெளியே வந்தவர்கள்மேல் நடந்த தாக்குதல் அது. பல ஆண்டுகள் கழித்துப் போர்ட்டெல்லி கேட்டபோது, நகரத்தில் பலர் அவர் 1953இல் செத்தார் என்றார்கள். 1953இல்தான் ஆலையில் பெருவாரியான ஆட்குறைப்பு நடந்தது, தெருச்சண்டை மூண்டது. கண் முன்னே தோழன் செத்தும் பதிலடி கொடுக்க முடியாமல் போன அவமானத்தை ஊர் தாங்கவில்லை. அந்தச் சாவை, அதற்குத் தகுந்த பெரிய போராட்டம் நடந்த ஆண்டுக்கு ஊரே நகர்த்தி வைத்துவிட்டது. தேதி தப்பு. ஆனால் 1949 அந்த ஊருக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தத் தப்புதான் காட்டிக்கொடுத்தது.

தேய்ப்பு மேசையைக் கண்டு மூச்சடைத்த கதையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அது மே 8ஆம் தேதி மாலையைப் பற்றிய சாட்சியமாக நிற்காமல் போகலாம். 1960களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குத் தங்கள் தொடக்கம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை இருந்ததே, அதற்கு நல்ல சாட்சியம்.

நாடகக்காரர்களிடம் பேட்டி எடுப்பதில் கூடுதல் சிக்கல் ஒன்று: அவர்கள் கதை சொல்லியே பிழைத்தவர்கள். பின்டரின் ‘பர்த்டே பார்ட்டி’ 1958 மே 19 அன்று ஹாமர்ஸ்மித் லிரிக் அரங்கில் தொடங்கி அதே வாரம் படுத்துவிட்டது. ‘சண்டே டைம்ஸ்’ விமர்சகர் ஹரால்ட் ஹாப்சன் அதைக் கொண்டாடி எழுதியது 25ஆம் தேதி ஞாயிறன்று, நாடகம் நின்ற மறுநாள். அந்த வாரத்து வியாழன் மேட்டினியைப் பின்டர் இப்படிச் சொல்வார்: தாமதமாக வந்து மாடிப்பகுதிக்கு ஓடினார். இடம் காட்டும் பெண் தடுத்து, மாடி மூடியிருக்கிறது என்றாள். நான்தான் இதை எழுதியவன் என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. ஐயோ பாவம், போய் உட்காருங்கள் என்று விட்டாள். கீழே எட்டிப் பார்த்தால் மொத்தம் ஆறு பேர். கதையின் கச்சிதத்தைக் கவனியுங்கள். தாமதம், தடை, அடையாளம் சொல்லுதல், பரிதாபம், கடைசியில் எண்ணிக்கை. பின்டரின் நாடகக் காட்சியே இப்படித்தான் நடக்கும். பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை இது. வசூல் கணக்கைப் பார்த்தால் அந்த வாரக் கூட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்தப் பெண்ணின் கண் கலங்கியதா என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. இத்தகைய துணுக்குகளை வெறும் அரட்டை என்று தள்ளாமல், நாடகச் சமூகம் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும் வழியாக வாசிக்க வேண்டும் என்று நாடக வரலாற்றாய்வாளர் ஜாக்கி பிராட்டன் வாதிட்டார். நியாயமான வாதம். ஆனாலும் வசூல் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பதே நல்லது.

காகிதம் வாய்திறக்க முடியாத இடங்களும் இருந்தன. 1968 வரை பிரிட்டனில் ஒவ்வொரு புதிய நாடகமும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினிடம் உரிமம் பெற வேண்டும். 1737ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த முறை அது. 1958 வரை ஆண்களுக்கிடையிலான காதல் என்ற பேச்சையே அவருடைய அலுவலகம் பொது மேடையில் விடவில்லை. ராட்டிகன் 1954இல் எழுதிய ‘செபரேட் டேபிள்ஸ்’ நாடகத்தில் ஒரு மேஜர் இருட்டான சினிமாக் கொட்டகையில் பெண்களைச் சீண்டி மாட்டிக்கொள்கிறார். பின்னர் நியூயார்க் மேடைக்காக, மேஜர் ஆண்களை நாடியதாக மாற்றிச் சில பகுதிகளை ராட்டிகன் எழுதினார், அவை பயன்படவில்லை. அன்று அச்சிட்ட பிரதியில் இதன் சுவடே இல்லை. 1954இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் யாருக்கு அந்த மேஜரின் உண்மையான குற்றம் புரிந்தது? அதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. அன்று சொல்லியிருந்தால் அவர்களுக்கே ஆபத்து. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டம் மாறியது 1967இல்தான்.

தணிக்கையால் விளைந்த வேடிக்கை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டு தியேட்டர் ராயலில் ஜோன் லிட்டில்வுட் நடத்திய ‘தியேட்டர் வொர்க்‌ஷாப்’ குழு, எழுதியதை எழுதியபடி நடிப்பதில்லை. ஒத்திகையிலும் காட்சியிலும் வசனம் வளர்ந்துகொண்டே போகும். உரிமம் பெற்ற பிரதியிலிருந்து ஒரு சொல் விலகினாலும் குற்றம். 1957இல் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய ‘யூ வோண்ட் ஆல்வேஸ் பி ஆன் டாப்’ நாடகத்தில் நடிகர்கள் மேடையிலேயே நிஜமாகச் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பொதுக் கழிப்பிடத்தைத் திறந்துவைக்கும் சர்ச்சிலைப் போல ஒரு நடிகர் பேசிக் காட்டினார். லார்ட் சேம்பர்லினின் ஆட்கள் பார்வையாளர்போல உட்கார்ந்து, பிரதியில் இல்லாததையெல்லாம் குறித்துக்கொண்டு போனார்கள். 1958இல் வழக்கு, பெயருக்கு ஒரு அபராதம். கணநேரத்தில் பிறந்து மறைந்த வசனங்களுக்கு அன்றைய தேதியிட்ட எழுத்துச் சான்று வேண்டுமென்றால், உளவு பார்க்க வந்தவர் எழுதிய குறிப்புக்குத்தான் போக வேண்டும்!

அதே குழுவின் ‘ஓ வாட் எ லவ்லி வார்’ 1963 மார்ச்சில் அரங்கேறியது. முதல் உலகப் போரைப் பற்றிய கேளிக்கை நாடகம் அது. இதை எழுதியது யார் என்ற தகராறு இன்றும் தீரவில்லை. விதை வானொலிக்காரர் சார்ல்ஸ் சில்ட்டன் போட்டது. அவருடைய தந்தை அந்தப் போரில் அராஸ் பகுதியில் மாண்டவர். மகன் கல்லறையைத் தேடிப் போனபோது கிடைத்தது நினைவுச்சுவரில் ஒரு பெயர் மட்டும். அந்தத் தேடலிலிருந்து போர்வீரர் பாடல்களை வைத்து ஒரு வானொலி நிகழ்ச்சி பிறந்தது, அதிலிருந்து நாடகம். இடையில் வந்த எழுத்துப் பிரதிகள் ஒதுக்கப்பட்டன. நடிகர்கள் நூல்களைப் படித்து வந்து, பேசிப் பேசிக் காட்சிகளை உருவாக்கினார்கள். ஒவ்வொரு நடிகரின் நினைவிலும் முக்கியமான காட்சி அவர் யோசனைதான். இப்படி நாலு பேர் ஒரே காட்சிக்குச் சொந்தம் கொண்டாடும்போது, யாரோ பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. கூட்டாக உருவாக்கும் வேலை உள்ளிருந்து பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். ஸ்ட்ராட்ஃபோர்டில் நாடகம் போர் விளையாட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்ற கசப்பான பேச்சோடு முடிந்தது. வெஸ்ட் எண்டுக்குப் போனதும் அந்தப் பேச்சு போய்விட்டது, பாட்டோடு திரை விழுந்தது. டெரெக் பேஜட் போன்ற ஆய்வாளர்கள் குழுவினரிடம் கேட்டும் பிரதிகளை ஒப்பிட்டும் இதை வெளிக்கொணர்ந்தார்கள்.

ஞாபகத்தையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்ட நாடகமும் அக்காலத்தில் உண்டு. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பானைத் தொழில் நகரம். 1962இல் அங்கே ஒரு பழைய சினிமாக் கொட்டகையில் விக்டோரியா தியேட்டர் தொடங்கியது. நடுவில் மேடை, நாற்புறமும் ஜனம். இயக்குநர் பீட்டர் சீஸ்மன் 1966இல் ‘தி நாட்டி’ என்ற நாடகத்தைப் போட்டார். நார்த் ஸ்டாஃபோர்ட்ஷயர் ரயில்வேயை உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் செல்லமாக அழைத்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்காரர்களின் பேச்சை நடிகர்களே ஒலிநாடாவில் பதிவு செய்துவந்தார்கள். சீஸ்மன் கறாராக ஒரு விதி வைத்திருந்தார்: ஆவணத்திலோ நாடாவிலோ இல்லாத சொல்லை மேடையில் பேசக் கூடாது. காட்சி நாளில் பேசிக்கொடுத்த பெரியவர்களே வந்து உட்கார்ந்தால், நடிகருக்குத் தப்பிக்க வழியேது?

இவ்வளவு சொன்னபிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பேட்டி கொடுக்க முன்வருபவர் நாடகத்தை நேசித்தவர். இடைவேளையில் எழுந்து போய், பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் வருவதில்லை. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் உண்டு. 1958இல் அதே ராயல் கோர்ட் மேடையில் ஜமைக்காவின் பேரி ரெக்கார்ட் எழுதிய ‘ஃப்ளெஷ் டு எ டைகர்’ நடந்தது. ஜாஸ் பாடகி க்ளியோ லேன் அதில் நாயகி. அதே ஆண்டு இறுதியில் டிரினிடாட்டின் எரல் ஜான் எழுதிய ‘மூன் ஆன் எ ரெயின்போ ஷால்’ வந்தது. ‘அப்சர்வர்’ நாடகப் போட்டியில் பரிசு வென்ற படைப்பு அது. ஆஸ்பார்ன் போன்றோருக்குச் சூட்டப்பட்ட பெயரான ‘கோபக்கார இளைஞர்கள்’ பட்டியலில் இந்த இருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. ரெக்கார்டின் நாடகங்கள் தொகுப்பாக அச்சேற அரை நூற்றாண்டு ஆயிற்று.

அந்த இரவுகளில் காலரியில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து லண்டன் பேருந்துகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்தவர்கள் ஸ்லோன் சதுக்கம் வரை வந்தார்களா, வந்தவர்களைப் பக்கத்து இருக்கைக்காரர் எப்படிப் பார்த்தார், எந்த வசனத்துக்கு ஒரு பகுதி சிரித்து மறு பகுதி சும்மா இருந்தது? 1958இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. ஒலிப்பதிவுக் கருவி முதலில் போக வேண்டிய வீடுகள் அவர்களுடையவை.